கல்விக் கடனுக்கு அலையும் முன்

கல்விக் கடன் என்றதும் எல்லோரும் முதலில் நீட்டுவது பிள்ளையின் மார்க் ஷீட்டை. கடன் கொடுக்கிறவர் அதை ஒரு புரட்டு புரட்டிவிட்டு, "அப்பா பான் கார்டு இருக்குங்களா?" என்றுதான் கேட்பார். மார்க் காலேஜில் சீட்டு வாங்கித் தரும். கடனை வாங்கித் தருவது பெற்றவர்களின் காகிதம். பதினெட்டு வயதுப் பிள்ளைக்குச் சம்பளமும் கிடையாது, சொத்தும் கிடையாது. அதனால் அப்பாவையோ அம்மாவையோ கோ-அப்ளிகன்ட்டாக, அதாவது கூட்டு விண்ணப்பதாரராகப் போட்டு, அவரைத்தான் அலசுவார்கள். இது புரிந்துவிட்டால் வேலையை எங்கே தொடங்குவது என்பதும் புரிந்துவிடும்.

நான் சேலம் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். அதற்கு முன்னால் ஒரு தனியார் ஃபைனான்ஸ் கம்பெனிக்கு ஃபீல்டில் ஓடியவன். வீடு தேடிப் போய் விசாரிப்பது, ஃபைல் சேர்ப்பது, கையெழுத்து வாங்குவது எல்லாம் என் வேலை. கொடுக்கிற பக்கமும் தெரியும், வாங்குகிற பக்கமும் தெரியும்.

முதலில் தொகை. "அஞ்சு லட்சம் போட்டுடுங்கண்ணா" என்று வருவார்கள். எதற்கு ஐந்து என்று கேட்டால் பதில் இருக்காது, பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஐந்து கிடைத்ததாம். காலேஜ் லெட்டர்ஹெட்டில் படிப்பு முடிகிற வரைக்குமான ஃபீஸ் விவரத்தை வருஷவாரியாகக் கேட்டு வாங்குங்கள். டியூஷன், தேர்வு, விடுதி, மெஸ், பஸ் எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். அதோடு போனஃபைடு, அதாவது பிள்ளை அங்கேதான் படிக்கிறது என்ற சான்றிதழ். ரசீது கொடுக்காமல் காலேஜ் வாங்கிய பணத்துக்கு எந்த வங்கியிலும் கடன் கிடையாது. நன்கொடை என்று கையில் வாங்கியது உங்கள் கைக்காசுதான்.

அந்தத் தொகையில் கழிக்க வேண்டியதைக் கழியுங்கள். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்த பிள்ளைக்கு டியூஷன், விடுதிக் கட்டணத்தைத் தமிழக அரசே ஏற்கிறது. அந்தப் பிள்ளைக்குக் கடனே தேவைப்படாமல் போகலாம். வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழை வாங்கிக் கொடுத்தால் டியூஷனில் சலுகை உண்டு. எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். அது பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் ஆகும். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தவரும், தனியார் காலேஜில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தவரும் ஒரே தொகைக்கு விண்ணப்பம் போடச் சொல்லும்போது எனக்குக் கை ஓடாது.

அடுத்து பெயர். சிரிக்காதீர்கள், ஃபைல் திரும்பி வருவதற்கு இதுதான் பெரிய காரணம். நமக்கு இனிஷியல் பழக்கம், கம்ப்யூட்டருக்கு அது புரியாது. முருகேசன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆதாரில் 'முருகேசன் கே' என்று இருக்கும். பான் கார்டில் இனிஷியலை விரித்து 'கந்தசாமி முருகேசன்' என்று அடித்திருப்பார்கள். பாஸ்புக்கில் 'கே.முருகேசன்'. பிள்ளையின் பிளஸ் டூ சான்றிதழில் அப்பா பெயர் 'முருகேஷன்'. ஒரே ஆள் நான்கு ஆளாக நிற்பார். மேனேஜர் கண்ணுக்கு ஒருவர்தான் என்று தெரியும், சிஸ்டம் ஏற்காது. ஆதாரையும் பானையும் ஒன்றுபோல் ஆக்கிவிடுங்கள், மீதியை அதற்கேற்ப மாற்றுவது சுலபம். இதைக் கவுன்சிலிங் நடக்கிற நேரத்தில் செய்யாதீர்கள். பிள்ளை பிளஸ் ஒன் படிக்கும்போதே செய்துவிடலாம்.

ஆதாரில் எந்த செல் நம்பர் இருக்கிறது என்றும் பாருங்கள். ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்கள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி என் கடைக்கு வந்து உட்காருவார்கள். ஓடிபி போகிற நம்பர் எப்போதோ தூக்கிப் போட்ட சிம்முடையதாக இருக்கும். அன்றைய பயணம் வீண். முதலில் ஆதார் மையத்தில் நம்பரை மாற்றிவிட்டு அப்புறம் மலை இறங்குங்கள்.

வருமானத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் தடுமாறுவது. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், அம்மாபேட்டையில் தறி ஓட்டுபவர், லாரிக்குப் போகிறவர், யாருக்கும் சம்பளச் சீட்டு கிடையாது. வாரக்கூலி கையில் வரும், கையிலேயே போகும். பாஸ்புக்கில் பார்த்தால் கேஸ் மானியம் மட்டும் இருக்கும். பிள்ளை மேல்நிலைக்குப் போனதுமே கூலியில் ஒரு பகுதியையாவது வாராவாரம் கணக்கில் போட்டுப் பழகுங்கள். கணக்கில் பணம் வந்து போவதைப் பார்த்தால்தான் கடன் கொடுக்கிறவருக்கு நம்பிக்கை வரும்.

இங்கே ஒரு விபரீதமும் நடக்கும். வட்டி மானியம் கிடைக்கட்டும் என்று ஆண்டு வருமானம் 96,000 என்று தாசில்தாரிடம் சான்று வாங்கியிருப்பார்கள். அதே ஃபைலில், பெரிய கடன் கிடைக்கட்டும் என்று 6 லட்சத்துக்கு ஐடிஆர் (வருமான வரிக் கணக்கு) போட்டு வைத்திருப்பார்கள். இரண்டும் ஒரே கிளிப்பில் இருக்கும். கடன் அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை முடிந்தது. உண்மை எதுவோ அதையே இரண்டு இடத்திலும் காட்டுங்கள்.

அடுத்து சிபில், அதாவது வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்பதற்குப் போடும் மார்க். ஸ்கோர் 300 முதல் 900 வரை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு கம்பெனிகள். ஒவ்வொன்றிலும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாக எடுக்கலாம். கோ-அப்ளிகன்ட் ஆகப் போகிறவரின் அறிக்கையை விண்ணப்பத்துக்கு முன்னாலேயே எடுத்துப் படியுங்கள். வண்டிக் கடன் பிரச்சினை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தவணையில் எடுத்த செல்போனில் கடைசி மாதம் விட்டுப்போன 900 ரூபாய் ஞாபகம் இருக்காது. நண்பருக்கு ஜாமீன் போட்டது ஞாபகம் இருக்காது. அம்மா மைக்ரோ ஃபைனான்ஸில் வாங்கிய குழுக் கடனும் அதில் வரும். பாக்கியைக் கட்டினால் மட்டும் போதாது, முடிந்ததற்கான கடிதம் வாங்குங்கள், அறிக்கையில் மாறிவிட்டதா என்றும் பாருங்கள். மாறுவதற்குச் சில வாரங்கள் எடுக்கும். அப்பாவின் அறிக்கை சரியில்லை, அம்மாவுடையது சுத்தமாக இருக்கிறது என்றால் அம்மாவைப் போடலாமா என்று கேளுங்கள். அவருக்கு வருமானம் காட்ட முடிந்தால் வழி உண்டு.

இப்போது எங்கே போவது. எனக்கு இதில் இரண்டு கருத்து கிடையாது. அரசு வங்கியில் கேட்டுப் பார்க்காமல் தனியார் ஃபைனான்ஸ் வாசலை மிதிக்காதீர்கள். அங்கே சம்பளம் வாங்கிய நானே சொல்கிறேன். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 4 லட்சம் வரை கைப்பணம் எதுவும் போட வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம் நீங்கள் போட வேண்டும். 7.5 லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. கடன் திரும்பி வராமல் போனால் வங்கிக்கு 75 சதவீதத்தை அது ஈடு கட்டும். ஆகவே அந்த அளவு வரை வீட்டுப் பத்திரமோ, மூன்றாம் ஆள் ஜாமீனோ தேவையில்லை. படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருஷமும் தவணை கிடையாது. அதன் பிறகு 15 வருஷம் வரை கட்டலாம். பெண் பிள்ளைகளுக்குப் பல அரசு வங்கிகள் வட்டியில் அரை சதவீதம் குறைக்கின்றன.

பெரிய லாபம் வட்டி மானியத்தில். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, தொழில்நுட்பப் படிப்போ தொழிற்படிப்போ, தேசியத் தர அங்கீகாரம் உள்ள கல்லூரியில் என்றால், தவணை தொடங்கும் வரைக்குமான வட்டியை மத்திய அரசே கட்டும். ரிசர்வ் வங்கி பட்டியலில் உள்ள ஷெட்யூல்டு வங்கியில், மேலே சொன்ன வங்கிகள் சங்கத் திட்டத்தின் கீழ் வாங்கிய கடனுக்குத்தான் இது. ஃபைனான்ஸ் கம்பெனியில் வாங்கினால் இல்லை. 2024 நவம்பரில் மத்திய அரசு பிஎம் வித்யாலட்சுமி திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தேசிய தரவரிசையில் முன்னணியில் இருக்கிற கல்லூரிகளில் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாத கடன். வருமானம் 8 லட்சம் வரை இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குத் தவணை தொடங்கும் வரை 3 சதவீத வட்டிச் சலுகை. உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று பிஎம் வித்யாலட்சுமி இணையதளத்திலேயே பார்க்கலாம்.

விண்ணப்பம் ஆன்லைனில்தான். போட்ட கையோடு எண்ணைக் குறித்துக்கொண்டு, பிரின்ட் எடுத்து, எந்தக் கிளையைத் தேர்ந்தெடுத்தீர்களோ அங்கே நேரில் போய்க் கொடுங்கள். ஆன்லைனில் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் விண்ணப்பமும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். பழக்கமான கிளையாகப் பாருங்கள். அப்பாவின் கணக்கு பல வருஷமாக இருக்கிற இடத்தில் பேச்சு சுலபமாக இருக்கும்.

"உங்க ஊர் எங்க சர்வீஸ் ஏரியாவுல வராதுங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் காரணத்தைச் சொல்லிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2012லேயே ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. சண்டை போடாமல், "அதையே எழுத்துல கொடுத்துடுங்க சார்" என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு அந்த இடத்திலேயே விண்ணப்பம் உள்ளே போய்விடும். அப்படியும் நடக்கவில்லையென்றால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் போங்கள், கலெக்டர் ஆபீஸ் நடத்துகிற கல்விக் கடன் முகாமுக்கும் போங்கள். முகாமில் எல்லா வங்கிக்காரர்களும் ஒரே கூடத்தில் இருப்பார்கள், மேலே அதிகாரிகளும் இருப்பார்கள் என்பதால் பதில் மரியாதையாக வரும். எழுதிக் கொடுத்த புகாருக்கு வங்கி 30 நாளாகியும் பதில் சொல்லவில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) இலவசமாகப் புகார் செய்யலாம், 14448க்கு அழைத்து விவரம் கேட்கலாம். கடன் கொடுப்பதா வேண்டாமா என்ற வங்கியின் முடிவில் அவர் தலையிட மாட்டார். பதிலே சொல்லாமல் இழுத்தடிப்பதற்குத்தான் அந்தக் கதவு.

சரி, அரசு வங்கி கைவிட்டுவிட்டது, அல்லது மேனேஜ்மென்ட் கோட்டா, அல்லது தொகை பெரியது. இப்போது தனியார். இதில் இரண்டு வகை உண்டு. தனியார் வங்கிகள் ஒன்று. கிரெடிலா, அவான்ஸ், ஆக்சிலோ, இன்கிரெட் மாதிரி வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள் இன்னொன்று. இவர்களிடம் வேகம் உண்டு. வீட்டுக்கே ஆள் வருவார், ஃபைலை வாட்ஸ்அப்பிலேயே வாங்கிக்கொள்வார். அந்த வேகத்துக்குக் காசு வட்டியில் வாங்கிக்கொள்வார்கள்.

அவர்களிடம் நான்கு கேள்வி கேளுங்கள். வட்டி மாறக்கூடியதா, நிலையானதா? மாறும் வட்டி என்றால் முன்கூட்டிக் கட்டுவதற்குத் தனிநபரிடம் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதனால் பிள்ளைக்கு வேலை கிடைத்ததும் அடைக்க நினைப்பவர்களுக்கு அது வசதி. இரண்டாவது, வட்டி எப்போதிலிருந்து கட்ட வேண்டும்? தனியார் பலர் படிக்கும்போதே மாதாமாதம் வட்டியையோ அதில் ஒரு பகுதியையோ கேட்பார்கள். மூன்றாவது, பிராசஸிங் ஃபீஸ் எவ்வளவு? 6 லட்சத்துக்கு 1 சதவீதம் என்றால் 6,000, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 7,080. கடன் வராவிட்டால் அது திரும்பி வருமா என்பதையும் கேளுங்கள். நான்காவது இன்சூரன்ஸ். கேட்காமலேயே கடன் தொகையில் சேர்த்துவிடுவார்கள், அதற்கும் சேர்த்து நீங்கள் வட்டி கட்டுவீர்கள். கட்டாயமா என்று எழுத்தில் கேட்டாலே குரல் மாறும்.

இதற்கெல்லாம் பதில் ஒரே தாளில் வர வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் வாங்குகிற சில்லறைக் கடன் எதற்கும் முக்கியத் தகவல் அறிக்கை கொடுப்பது கட்டாயம். வட்டி, கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்பது அதில் ஏபிஆர் என்ற பெயரில் இருக்கும். உங்களுக்குப் புரிகிற மொழியில் கேட்டு வாங்கலாம். அதைக் கொடுத்த பிறகு குறைந்தது 3 வேலை நாள் யோசிக்க நேரம் உண்டு, அதுவரை அவர்கள் சொன்ன விலை மாறக் கூடாது. "இன்னைக்கே கையெழுத்துப் போட்டாத்தான் இந்த ரேட்டு" என்று சொல்கிற ஆளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஒன்றிரண்டு சதவீதம்தானே என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு கணக்கு. வருஷம் ஒன்றரை லட்சம் வீதம் நான்கு வருஷத்துக்கு 6 லட்சம் கடன். வட்டி 10.5 சதவீதம், தனிவட்டி. நான்கு வருஷப் படிப்பு, ஒரு வருஷச் சலுகை. ஐந்தாம் வருஷ முடிவில் வட்டி மட்டும் 2,20,500 சேர்ந்து, நிற்பது 8,20,500. பத்து வருஷத்தில் கட்டினால் மாதத் தவணை ஏறக்குறைய 11,070. அதே கடன் 13 சதவீதம் என்றால் நிற்பது 8,73,000, தவணை 13,035 பக்கம். பத்து வருஷத்தில் வித்தியாசம் 2.35 லட்சம். இன்னொரு வழியும் இருக்கிறது. 10.5 சதவீதக் கடனிலேயே வட்டியை அவ்வப்போது கட்டிவந்தால், முதல் வருஷம் மாதம் 1,300 சொச்சம், நான்காம் வருஷத்தில் 5,250. படிப்பும் சலுகை வருஷமும் முடிந்ததும் நிற்பது வெறும் 6 லட்சம், தவணை 8,100தான். மானியம் கிடைக்காத குடும்பம் என்றால், முடிந்த மாதத்தில் முடிந்ததைக் கட்டுங்கள். எத்தனை சீட்டுப் பணம் வேறு எங்கெங்கோ போகிறது.

7.5 லட்சத்தைத் தாண்டினால் பெரும்பாலும் சொத்து கேட்பார்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது, பிளான் அப்ரூவல் எல்லாம் வக்கீல் பார்வைக்குப் போகும், மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார், இருவருக்கும் கட்டணம் உங்களுடையது. வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்கள் நாலு ஏக்கர் இருக்கே என்று வருவார்கள். கோர்ட்டுக்குப் போகாமலேயே ஈட்டுச் சொத்தை எடுக்க வங்கிக்கு வழி செய்கிற சர்ஃபாசி சட்டத்தில் விவசாய நிலத்தைக் கைப்பற்ற முடியாது, ஆகவே பலர் அதை ஈடாக ஏற்பதில்லை. டவுனில் அரை கிரவுண்டு வீடு இருந்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

ஃபீல்டு ஆள் வீட்டுக்கு வருவார் என்று பயப்படாதீர்கள். மின் கட்டண அட்டையில் யார் பெயர், பட்டறையில் எத்தனை பேர் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள், பக்கத்து வீட்டில் என்ன சொல்கிறார்கள், இவ்வளவுதான் நான் பார்த்துக் குறித்துக்கொண்டது. வெற்றுப் படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். தொகையும் தேதியும் எழுதியிருந்தால்தான் பேனாவை எடுக்க வேண்டும். கடன் வாங்கித் தருகிறேன், இத்தனை சதவீதம் கமிஷன் என்று வருகிற புரோக்கர் எதற்குமே தேவையில்லை. ரிசர்வ் வங்கியிடம் பதிவு இல்லாத ஆப்களைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

வெளிநாடு என்றால் கணக்கு வேறு. அரசு வங்கியில் 15 சதவீதம் கைப்பணம், தொகை பெரிது, சொத்தும் பெரும்பாலும் தேவை. 2025 ஏப்ரல் முதல், வங்கியிலோ அரசு அங்கீகரித்த நிதி நிறுவனத்திலோ வாங்கிய கல்விக் கடனிலிருந்து அனுப்பும் பணத்துக்கு டிசிஎஸ் (பணம் அனுப்பும்போதே பிடிக்கிற வரி) கிடையாது. அதற்கு மேல் அது தனிக் கட்டுரை.

கடன் அனுமதி ஆனதும் பணம் உங்கள் கைக்கு வராது, செமஸ்டருக்கோ வருஷத்துக்கோ காலேஜ் கணக்குக்கே போகும். ஒவ்வொரு முறையும் முந்தைய மார்க் ஷீட்டும் புது ஃபீஸ் சீட்டும் கேட்பார்கள். கடைசித் தேதிக்குப் பத்து நாளாவது முன்னால் கொடுங்கள். வருமானச் சான்று உள்ளிட்ட மானியக் காகிதங்களைக் கிளையில் கொடுத்து, மானியத்துக்குப் பதிவு செய்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காதவர்களுக்கு அது தானாக வரும் என்று இருக்கக் கூடாது. தவணை கட்டத் தொடங்கியதும், பழைய வரி முறையில் இருப்பவர் கட்டிய வட்டி முழுவதையும் 8 வருஷம் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு உச்சவரம்பு இல்லை.

முழுதும் அடைத்த அன்று கடன் முடிந்த சான்றை வாங்குங்கள். சொத்து வைத்திருந்தால் பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவர்கள் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று 2023 டிசம்பர் முதல் விதி இருக்கிறது. அடமானம் பதிவு செய்திருந்தால் சார்பதிவாளர் ஆபீசில் அடமானம் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிந்து, புதிதாக ஒரு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்துவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து அப்பா, பிள்ளை இருவருடைய சிபில் அறிக்கையிலும் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்றும் பாருங்கள். காட்டவில்லை என்றால் அந்தச் சான்றின் நகலோடு திருத்தம் கேட்டு எழுத வேண்டும்.